இரவில் மட்டும் அணைந்த தொழுவத்துக் கேமரா: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கோவில்பட்டிக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் 2019 அக்டோபரில், வீட்டு நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் 4 ஐபி கேமராக்களைப் பொருத்தினோம். அப்பாவும் அம்மாவும் மட்டும் அங்கே இருக்கிறார்கள். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். வாசல், பின்கட்டு, பக்கத்துச் சந்து, வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருக்கும் மாட்டுத் தொழுவம் என்று இடத்துக்கு ஒன்றாக வைத்தோம். பழைய மேசைக் கணினி ஒன்றில் பதிவு மென்பொருளை நிறுவி, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டி, கைப்பேசிகளில் கேமராவோடு வந்த செயலியையும் ஏற்றிக்கொண்டோம். இந்த ஆறு ஆண்டுகளில் எந்தக் கோளாறு வந்தாலும் நான் முதலில் மென்பொருளைத்தான் சந்தேகித்தேன். திரையில் வரும் பிழைச் செய்தியை நம்பிப் போன ஒவ்வொரு முறையும் நாள்கணக்கில் நேரம் வீணானதால், எந்த அறிகுறிக்குப் பின்னால் எந்தக் காரணம் இருந்தது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கோளாறு தொழுவத்தில் தொடங்கியது. பகல் முழுவதும் தெளிவாகத் தெரியும் படம், பொழுது சாய்ந்து ஆறரை மணி ஆனதும் அறுந்துபோகும், இரண்டு நிமிடத்தில் திரும்பி வரும், மறுபடியும் போகும். விடிந்ததும் தானாகச் சரியாகிவிடும். மென்பொருள் "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று மட்டும் சொன்னதால் அதை இரண்டு முறை நீக்கி நிறுவினேன், ரௌட்டரை மாற்றினேன், ஊருக்குப் போயிருந்தபோது லேன் கேபிளின் இரு முனைகளையும் வெட்டிப் புதிய கனெக்டர் போட்டேன். எதுவும் பலிக்கவில்லை. பசு கன்று ஈனவிருந்த ஓர் இரவில் அம்மா தொழுவத்துக்குப் போய் டியூப் லைட்டைப் போட்டிருக்கிறார். வீட்டுக்குள் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த அப்பா உடனே என்னை அழைத்து, "லைட்டப் போட்டா படம் நிக்குதுய்யா, அணைச்சா போயிருது" என்றார். மூன்று வாரங்களாக நான் தேடிய விடை அந்த ஒரு வரியில் இருந்தது.

இருட்டியதும் கேமரா தன் அகச்சிவப்பு விளக்குகளை ஏற்றிக்கொள்கிறது. அப்போது அது இழுக்கும் மின்னோட்டம் இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடிவிடும். வீட்டுக்குள் இருந்த 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 30 மீட்டருக்கு மெல்லிய ஒயரில் மின்சாரம் கொண்டுபோயிருந்தோம். போகவும் வரவும் சேர்த்தால் 60 மீட்டர் ஒயர். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது அடாப்டரின் முனையில் 12.1 வோல்ட் இருந்தது. கேமராவின் முனையில் பகலில் 11.3 வோல்ட் வந்தது. கேமராவின் ஒளி உணரியைக் கையால் மறைத்து விளக்குகளை எரியவைத்ததும் அது 10 வோல்ட்டுக்கு இறங்கியது. சில நொடிகளில் கேமரா அணைந்து மீண்டும் துவங்கியது. டியூப் லைட் எரிந்தபோது அகச்சிவப்பு விளக்குகளுக்கு வேலை இல்லாததால்தான் படம் அறுந்துபோகாமல் இருந்திருக்கிறது. லேன் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் பிஓஇ முறைக்கு அந்தக் கேமராவை மாற்றினேன். கேமராவில் அந்த வசதி இல்லாததால் கேபிளில் மின்சாரத்தைச் சேர்க்க வீட்டில் ஓர் இன்ஜெக்டரும், அதைப் பிரித்துக் கேமராவுக்குக் கொடுக்கத் தொழுவத்தில் ஒரு ஸ்பிளிட்டரும் தேவைப்பட்டன. இம்முறையில் ஏறக்குறைய 48 வோல்ட்டில் மின்சாரம் செல்வதால் அதே திறனுக்கு மின்னோட்டம் கால்பங்காகக் குறைகிறது. அதே தடையுள்ள ஒயரில் இழப்போ பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. அன்றிலிருந்து இன்றுவரை தொழுவத்துக் கேமரா ஓர் இரவுகூட அணையவில்லை. இப்போது புதிதாகப் பொருத்துபவர் யார் கேட்டாலும், முதலிலேயே பிஓஇ உள்ள கேமராவை வாங்குங்கள் என்றே சொல்கிறேன்.

இரண்டாவது கோளாறு இதைவிட ஏமாற்றியது. நீண்ட மின்தடை ஒன்றுக்குப் பிறகு, பதிவு மென்பொருள் வாசல் கேமராவைப் பார்த்து "பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு" என்று சொல்லத் தொடங்கியது. கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. நான் மீண்டும் மீண்டும் தட்டெழுதிப் பார்க்க, தவறான முயற்சிகள் அதிகமாகிவிட்டதாகச் சொல்லிக் கேமரா அரை மணி நேரம் பூட்டிக்கொண்டது. இத்தகைய நேரத்தில் எனக்குப் பெரிதும் உதவியது கணினியில் வீடியோ பார்க்க உதவும் விஎல்சி பிளேயர். கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரியை (நேரலைப் படம் கிடைக்கும் முகவரியை), வழக்கமாக 554 என்னும் போர்ட் எண்ணோடு, அதில் கொடுத்தால் இடையில் வேறெந்தச் செயலியும் இல்லாமல் படம் நேரடியாக வந்துவிடும். அதே பெயரையும் அதே கடவுச்சொல்லையும் கொடுத்தேன், படம் வந்தது. ஆக, கடவுச்சொல் சரிதான்.

காரணம் கேமராவின் கடிகாரம். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2008 முதல் இருந்துவரும் ஆன்விஃப் என்னும் பொதுத் தரத்தைத்தான் எங்கள் மென்பொருள் கேமராவோடு பேசப் பயன்படுத்துகிறது. அதில் கடவுச்சொல் அப்படியே அனுப்பப்படுவதில்லை. அப்போதைய நேரத்தையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு குறியீடு அனுப்பப்படுகிறது. மின்தடையில் நேரத்தை இழந்த எங்கள் கேமரா 1970 ஜனவரி 1இல் நின்றுகொண்டிருந்ததால், இன்றைய தேதியோடு வந்த குறியீட்டை ஏற்க மறுத்தது. ஆர்டிஎஸ்பி வழியில் நேரம் சரிபார்க்கப்படுவதில்லை என்பதால் விஎல்சியில் மட்டும் படம் வந்தது. கேமராக்கள் இணையத்தைத் தொடக்கூடாது என்று ரௌட்டரில் நானே தடை போட்டிருந்தேன். அதனால் அவற்றால் வெளியிலிருந்து நேரத்தைக் கேட்டுப் பெற முடியவில்லை. வீட்டுக் கணினியையே நேர வழங்கியாக அமைத்து நான்கு கேமராக்களிலும் அதன் முகவரியைக் கொடுத்த பின் இந்தத் தொல்லை திரும்பவில்லை. அதே நாளில் ஒவ்வொரு கேமராவுக்கும் ரௌட்டரில் மாறாத ஐபி முகவரியையும் ஒதுக்கிவிட்டேன். மின்சாரம் வந்து போகும்போதெல்லாம் முகவரிகள் இடம் மாறி, வாசல் என்ற பெயரில் பின்கட்டுப் படம் தெரிந்த குழப்பமும் அத்தோடு ஒழிந்தது.

கேமராக்களுக்குப் போட்ட அந்த இணையத் தடையை நான் நீக்காததற்குக் காரணம் உண்டு. 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் அவற்றின் படத்தைப் பதியும் டிவிஆர் கருவிகளையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றிப் பெரிய இணையச் சேவைகளையே முடக்கியது. வீட்டைக் காக்க வாங்கிய கருவி அடுத்தவரைத் தாக்கும் கருவியாக மாற நாம் இடம் கொடுக்கக் கூடாது.

கோவையிலிருந்து பார்ப்பதற்கு முதலில் ரௌட்டரில் போர்ட் திறந்து, அதாவது வெளியிலிருந்து நேரடியாக உள்ளே வர ஒரு வழி விட்டு வைத்திருந்தேன். இன்று அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஃபைபர் இணைப்புக்கு மாறிய அன்றே அந்த வழி நின்றுபோனது. ரௌட்டர் காட்டிய வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தது. அப்படி இருந்தால், இணையச் சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். அங்கே எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. இப்போது டெயில்ஸ்கேல் என்னும் விபிஎன் (இணையத்துக்குள் அமைக்கும் தனிப்பட்ட, மறைகுறியிட்ட இணைப்பு) வழியாக வீட்டுக் கணினியை அடைகிறேன். கேமரா நிறுவனத்தின் செயலியை இருவர் கைப்பேசியிலிருந்தும் நீக்கவில்லை. வைஃபைக்குள் அப்பா அதைத்தான் பார்க்கிறார். நேரலைக்கு அது போதும். பழைய பதிவைத் தேடி எடுக்க அது உதவாது.

பதிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2021இல் கிணற்று மோட்டாரின் ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். பெற்றோர் கோவைக்கு வந்திருந்ததால் 14 நாள் கழித்துத்தான் தெரிந்தது. பதிவைத் தேடினால் 11 நாளுக்கு முந்தையது எதுவும் இல்லை. கணக்கு எளியது: கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் வீதம் நான்குக்கும் 8 மெகாபிட், அதாவது 1 மெகாபைட், ஒரு நாளுக்கு 86 கிகாபைட்; 1 டெராபைட் டிஸ்க் பதினொரு நாள் சொச்சத்தில் நிரம்பி, பழைய பதிவு அழிந்துவிடும். இதை வாங்கிய அன்றே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கேமரா ஒரே காட்சியை இரண்டு ஓடைகளாக அனுப்பும்; இப்போது குறைந்த தெளிவுள்ள துணை ஓடையை இடைவிடாமலும், முழுத் தெளிவுள்ள முதன்மை ஓடையை அசைவு இருக்கும்போது மட்டும் பதிகிறோம்; ஒரு மாதத்துக்கு மேல் நிற்கிறது.

அசைவு எச்சரிக்கைகளை அதிகம் கெடுப்பது சிலந்தி வலை. அகச்சிவப்பு ஒளி லென்ஸுக்கு முன்னால் ஆடும் ஒற்றை இழையிலும் பட்டுத் திரும்பி, திரை முழுவதையும் வெள்ளையாக்கிவிடும். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வீட்டோடு சேர்த்துக் கேமராக்களையும் ஒட்டடை அடிக்கிறார். ஈசல் பறக்கும் மழை இரவுகளில் எச்சரிக்கையை அணைத்து வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது மிச்சமிருப்பது சந்துக் கேமரா. இரண்டு மார்கழியாக அதிகாலையில் அதன் கண்ணாடியின் உட்புறம் ஈரம் படிந்து, ஒன்பது மணி வெயில் ஏறும்வரை படம் மங்கலாகவே இருக்கிறது. மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அதைக் கழற்றி, பிஓஇ உள்ள ஒன்றை மாட்டி, எதிர் வீட்டு வாசல் படத்தில் விழாதபடி கோணத்தையும் சற்றுத் திருப்பி வைக்கப்போகிறேன்.