‘மீட்ட ஷிட்சூ, கருத்தடை ஆச்சு, ஊசி போட்டாச்சு’ – நம்பி எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் ஒரு தத்து மையத்திலிருந்து ஷிட்சூ என்ற சின்ன இனப் பெண் நாய் ஒன்றை எடுத்துப்போன குடும்பம், பதினோராம் நாள் இரவு அதை அவசர அறுவைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. கொடுத்தவர்கள் சொன்னது: வயது 2, மீட்கப்பட்ட நாய், கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசி முழுதும் போட்டாச்சு. நான்கில் ஒன்றுகூட உண்மையில்லை. மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் முழுசாக எழுதுகிறோம்.

நாய்க்கு வந்தது பயோமெட்ரா, கருப்பையில் சீழ் கட்டும் நோய். கருத்தடை ஆகாத பெண் நாய்க்குத்தான் இது பெரும்பாலும் வரும், அதுவும் தீட்டு முடிந்து 4 முதல் 8 வாரத்துக்குள். கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வடிவது கண்ணில் படும். மூடியிருந்தால் வெளியே ஒரு சொட்டும் வராது, உள்ளேயே விஷம் ஏறும். இந்த நாய்க்கு மூடியிருந்தது. இந்த நோயின் அறிகுறியாக அது அதிகத் தண்ணீர் குடித்ததை ‘புது இடம், பயந்திருக்கிறது’ என்று அந்த வீட்டில் நினைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கருத்தடை ஆன நாய் என்றல்லவா சொல்லிக் கொடுத்தார்கள்!

நாயின் முலைக்காம்புகள் நீண்டு தொங்கியிருந்தன. பலமுறை குட்டி போட்டுப் பாலூட்டிய நாய் அது. பல் கறையை மட்டும் வைத்து வயது சொல்லக் கூடாது, சின்ன இனங்களுக்கு 3 வயதிலேயே கறை ஏறிவிடும். ஆனால் முன்பற்கள் தேய்ந்து, கண்மணியில் நீலச் சாயலும் படர்ந்திருந்தால் அது 2 வயது நாய் இல்லை. இனப்பெருக்கம் செய்பவரிடம் குட்டி போட்டு ஓய்ந்த நாயை ‘மீட்பு’ என்று பெயர் மாற்றித் தள்ளிவிடுவதுதான் இந்த வியாபாரம். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள்படி ஒரு பெண் நாய் வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் ஈனக் கூடாது, 8 வயதுக்கு மேல் இணைசேர்க்கவும் கூடாது. அந்த வயது தாண்டிய நாய்க்குத் தீனி போட அவர்களுக்கு மனம் வருவதில்லை.

தடுப்பூசிப் புத்தகத்தைப் பார்த்தாலே இது பிடிபட்டிருக்கும். ஊசி போட்ட தேதி 2025 ஜூன் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த மருந்துக் குப்பி ஸ்டிக்கரில் காலாவதி 2024 நவம்பர். ஸ்டிக்கரின் ஓரம் சுருண்டிருந்தது, வேறு புத்தகத்திலிருந்து உரித்து ஒட்டியது. மூன்று வருடப் பதிவும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. மருத்துவரின் பதிவு எண் எங்கும் இல்லை. புத்தகத்தைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியவை பேட்ச் எண், காலாவதி, மருத்துவர் முத்திரை, பதிவு எண். முத்திரையில் உள்ள கிளினிக்குக்கு ஒரு போன் போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கருத்தடைக்கு அறுவை நடந்த இடத்தின் டிஸ்சார்ஜ் சீட்டைக் கேளுங்கள். வயிற்று முடியை ஈரப்படுத்தி விலக்கி, தொப்புளுக்குக் கீழே நடுவிலும் விலாப்பக்கத்திலும் தழும்பு தேடுங்கள். பழைய தழும்பு சில சமயம் தெரியாது. ஸ்கேனிலும் சாதாரண நிலையில் இருக்கும் கருப்பை தெளிவாகத் தெரிவதில்லை. சீட்டும் இல்லை, தழும்பும் இல்லை என்றால் கருத்தடை ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு அடையாளம், அவர்கள் எதையுமே கேட்காதது. ஒழுங்கான மையம் உங்களைக் குடைந்து எடுக்கும்: வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதமா, பகலில் யார் இருப்பார்கள், வீட்டை வந்து பார்க்கலாமா. ஒத்துவராவிட்டால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று எழுதியும் கொடுக்கும். இங்கே கேட்டது 4,500 ரூபாய் ‘நன்கொடை’, அதுவும் நாயைக் காட்டும் முன்பே ஜிபேயில். நோய் வந்ததும் ‘வேறு யாருக்காவது கொடுத்துடுங்க’ என்று சொல்லி எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். வண்டிச் செலவு, கூண்டு என்று முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ‘பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், க்யூஆர் ஸ்கேன் செய்யுங்கள்’ என்றால் செய்யாதீர்கள். பணம் வருவதற்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை.

ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள், தாமதமானால் பணத்தை முடக்குவது கடினம். பரிவர்த்தனை எண், உரையாடல் ஸ்கிரீன்ஷாட், கால்நடை மருத்துவர் தேதி போட்டு எழுதித் தந்த அறிக்கை மூன்றும் பத்திரம். மாநில விலங்குகள் நல வாரியத்துக்குப் புகார் அனுப்பவும் அந்த அறிக்கைதான் ஆதாரம்.

எங்கிருந்து எடுத்தாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை, தட்டணுக்கள் எண்ணிக்கை, மலப் பரிசோதனை கேளுங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் 14 நாள் தனி அறை. குட்டியாக இருந்தால் பார்வோ என்ற வைரஸ் நோய் பயம் உண்டு. வாந்தியும் ரத்தக் கழிச்சலும் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

அண்மையில் இப்படிச் சீட்டில்லாமல் ஒரு பெண் நாயை எடுத்திருக்கிறீர்களா? இன்றைக்கே தண்ணீரை அளந்து வையுங்கள். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 5 கிலோ நாய் அரை லிட்டருக்கு மேல் குடித்தால், சோறு தின்கிறதே என்று விட்டுவிடாமல் அன்றே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.