சின்ன ஊரின் ஓட்டுகளை வரைய க்யூஜிஐஎஸ்: இரண்டு மாதம் பயன்படுத்திய பிறகு

தேர்தல் முடிவு வந்த மறுநாளே "அந்த ஊர் அந்தக் கட்சியின் கோட்டை" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். நூறில் நாற்பது பேர் வேறு பக்கம் போட்டிருந்தாலும் அவர்கள் பேச்சிலேயே வருவதில்லை. இது எனக்கு நெடுநாள் உறுத்தல். அதனால்தான் ஒரு சிறு கிராமப்புறப் பகுதியின் வாக்குச்சாவடி முடிவுகளை, மூன்று தேர்தலுக்கும் சேர்த்து, க்யூஜிஐஎஸ் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன்.

கேரி ஷெர்மன் 2002-இல் தொடங்கிய வரைபட மென்பொருள் இது. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிறுவுவதில் சிரமமில்லை.

முதல் வேலை, சாவடி எல்லைகள் உள்ள வரைபடத்தோடு முடிவு அட்டவணையை இணைப்பது. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வரைபடத்தில் சாவடி எண் 07 என்று எழுத்தாக இருக்கும். முடிவுகளை ஏதாவது ஒரு விரிதாளில் திறந்து சேமித்தால் அது 7 ஆகிவிடும். இரண்டும் பொருந்தாது. மதிப்பு கிடைக்காத சாவடிக்கு நிறம் விழாது, அந்த இடம் வெறுமையாகிவிடும். முதல் நாள் எனக்கு 01 முதல் 09 வரை ஒன்பது சாவடிகள் இப்படிக் காணாமல் போயின. எண் பத்தியை எழுத்து வடிவத்துக்கு மாற்றி, முன்னால் விடுபட்ட 0-வையும் சேர்த்த பிறகுதான் திரும்பி வந்தன. இணைத்த கையோடு எண்ணிச் சரிபார்த்துவிடுங்கள். ஒரு குக்கிராமம் விடுபட்டால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் நிறம் தீட்டுவது. நான் அதிகம் யோசித்தது இதில்தான். ஒரு பேச்சுக்கு, எல்லாச் சாவடியிலும் ஒரு கட்சியின் வாக்கு 46 முதல் 53 சதவீதத்துக்குள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் இது எங்கும் இழுபறியான பகுதி. ஆனால் ஐந்து வகுப்பாகப் பிரிக்கச் சொன்னால், மென்பொருள் 46-க்கு வெளிர் நிறமும் 53-க்கு அடர் நிறமும் கொடுத்துவிடும். வகுப்புக்கு ஒரே அளவு சாவடிகள் வைக்கும் சம எண்ணிக்கை முறையிலும் அப்படித்தான், வகுப்புகளை ஒரே அகலத்தில் வெட்டும் சம இடைவெளி முறையிலும் அப்படித்தான். பார்க்கிறவருக்கு ஒரு ஊர் கோட்டை, அடுத்த ஊர் எதிரி. வகுப்பு எல்லைகளை 0–20, 20–40, 40–60 என்று கையால் போட்டால் மொத்தமும் ஒரே நிறமாகிவிடும். அந்தச் சலிப்பான படம்தான் சரியான படம். கையால் மாற்ற இடம் கொடுத்திருப்பதற்காகவே இந்த மென்பொருளுக்கு நன்றி சொல்வேன்.

சதவீதமே சின்ன ஊருக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து டிக்ஸ்வில் நாட்ச் என்ற சிற்றூரில் நள்ளிரவில் ஓட்டுப் போட்டு அப்போதே எண்ணிவிடுவார்கள். 1960 அதிபர் தேர்தலில் நிக்சனுக்கு 9, கென்னடிக்கு 0. 2020-இல் ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கு 5, டிரம்புக்கு 0. 2024 ஜனவரியில் குடியரசுக் கட்சி வேட்பாளர் தேர்வில் ஆறு பேரும் நிக்கி ஹேலிக்குப் போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஹாரிஸுக்கு 3, டிரம்புக்கு 3. 2020-ஐயும் 2024-ஐயும் சதவீத வரைபடமாகத் தீட்டினால், ஜனநாயகக் கட்சி நூறிலிருந்து ஐம்பதுக்குச் சரிந்துவிட்டது என்று காட்டும். உண்மையில் குறைந்தவை இரண்டே ஓட்டுகள். இதில் என்ன அலை, என்ன மனமாற்றம்?

அதனால் நிறத்தை விட்டுவிட்டு, இதே மென்பொருளில் உள்ள வட்ட விளக்கப்படத்துக்கு மாறினேன். பதிவான ஓட்டுக்கு ஏற்ப வட்டத்தின் அளவு மாறும்படி வைக்கலாம். பரந்த நிலத்தில் நூறு பேர் வாழும் இடம் வரைபடத்தை விழுங்காது. தோற்றவருக்குப் போட்டவர்களும் ஒரு துண்டாகக் கண்ணெதிரே இருப்பார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சாவடி எல்லைக்குள் ஏதோ ஓர் இடத்தில், தற்போக்காகப் புள்ளி இடும் வசதியும் இதில் உண்டு. ஓட்டுக்கு ஒரு புள்ளி என்று போட்டால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சின்ன ஊரில் ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருவர் வீட்டின் மேல் போய் உட்காரும். ஊர்க்காரர் பார்த்தால் "ஓ, இவர் அந்தப் பக்கமா" என்றுதான் நினைப்பார். ரகசிய வாக்குச்சீட்டு 1856-இல் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா குடியேற்றங்களில் வந்ததே இந்தப் பயம் போகத்தான். வரைபடம் அதைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது. 5–0 மாதிரி எல்லா ஓட்டும் ஒரே பக்கம் விழுந்த சாவடிக்கு முடிவே ரகசியத்தை உடைத்துவிடுகிறது. அப்படிப்பட்டவற்றைப் பக்கத்துச் சாவடியோடு சேர்த்துத்தான் நான் வரைந்தேன்.

இன்னொரு பலம், அடுக்குகள்: வெவ்வேறு தகவல்களின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். 1913-இல் ஆந்த்ரே சீக்ஃபிரீட் என்ற பிரெஞ்சு அறிஞர் மேற்கு பிரான்ஸின் ஓட்டுகளை நில உடைமை, குடியிருப்பு அமைப்பு, தேவாலயத்தின் பிடி என்று வரைபடங்களோடு ஒப்பிட்டுப் படித்தார். இன்று அந்த ஒப்பீட்டை வீட்டுக் கணினியில் ஓர் இரவில் செய்யலாம். நான் பாசன வசதி அடுக்கை ஓட்டின் அடியில் வைத்துப் பார்த்தேன். மூன்று தேர்தலில் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனது, மற்ற இரண்டில் இல்லை. அந்த ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

முடிவு அட்டவணை கையில் இருக்கிறவர்கள் தாராளமாக நிறுவலாம். முதல் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். என்னுடைய நான்காவது படம்தான் வெளியே காட்டும்படி இருந்தது.