13 டிகிரிக்கு இறங்காத டெலஸ்கோப்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் கம்ப்யூட்டர் பொருத்திய பெரிய டெலஸ்கோப் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். கடைக்காரர் குழாயின் பெருமையை மணிக்கணக்கில் பேசுவார். நீங்கள் அந்தக் குழாயைச் சுமந்து திருப்பும் தாங்கியைப் பற்றிக் கேளுங்கள்.

நான் வாங்கியது 8 அங்குல ஷ்மிட்-காசிகிரேன், அதாவது ஆடியும் வில்லையும் சேர்ந்த குட்டைக் குழாய் டெலஸ்கோப். குழாயில் ஒரு குறையும் இல்லை. வியாழனின் பட்டைகள் பளிச்சென்று தெரிகின்றன. படம் எடுக்கும் ஆசையும் உண்டு என்று சொன்னதுதான் தாமதம், சென்னைக் கடைக்காரர் துருவ அச்சுத் தாங்கியைக் கூடுதல் விலைக்கு என் தலையில் கட்டினார். "காட்பாடிக்குச் சரிவருமா?" என்று வாட்ஸாப்பில் கேட்டேன். "உலகம் முழுக்கச் சரிவரும் சார்" என்று பதில் வந்தது.

பூமி சுழல்வதால் நகர்வதுபோல் தெரியும் நட்சத்திரங்களைப் பின்தொடர, இந்த வகைத் தாங்கியின் அச்சு வான துருவத்தை, அதாவது வடக்கே வானம் சுழலும் மையப் புள்ளியை, பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வு ஊரின் அட்சரேகைதான். நமக்கு ஏறக்குறைய 13 டிகிரி. வந்திறங்கிய தாங்கியின் பக்கவாட்டு அளவுகோலோ 20-இல் தொடங்குகிறது. திருகை எவ்வளவு தளர்த்தினாலும் அதற்குக் கீழே இறங்காமல் இரும்போடு இரும்பு முட்டி நிற்கிறது. அந்த 20-இலேயே, குழாயைச் சமன்செய்யும் எதிர் எடை முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கிறது. அரை நிமிடம் படம் எடுத்தால் நட்சத்திரமெல்லாம் கோடு.

டெல்லிக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே 28 டிகிரிக்கு மேல். ஆனால் விற்றவரின் சென்னையும் நம்மைப் போல 13-இல்தானே இருக்கிறது? தன் கடை மொட்டை மாடியில் ஒருமுறை நிறுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஜவ்வாது மலைக் காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கு, இந்தக் குறைந்த அட்சரேகைக்குத் தோதாகவே குதிரை லாட வடிவத் தாங்கி அமைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அன்றே தெரிந்தது இவருக்கு இன்றும் தெரியவில்லையாம்.

புகார் செய்ததும் ஆள் அனுப்பினார்கள், அதற்கும் தனிக் கட்டணம். வந்தவர் மாடிப்படி ஓரம் கிடந்த செங்கற்களை எடுத்து, முக்காலியின் தெற்குப் பக்கத்துக் கால்கள் இரண்டுக்கும் அடியில் வைத்தார். அது போதவில்லை என்று மேலே ஓட்டுத் துண்டு. பிறகு கைப்பேசியில் சாய்வைப் பார்த்து, "13 வந்துவிட்டது சார்" என்றார். கணக்கு சரிதான். லட்ச ரூபாய்க்கு மேலான கண்ணாடி உடைந்த ஓட்டின் மேல் நிற்கிறது, காற்றடித்தால் நான் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், "பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே" என்கிறார். பிரிக்காமல் அளவுகோலை எப்படிப் பார்ப்பது? மறுநாள் குரல் மாறியது: மேற்கொண்டு பணம் கட்டினால் குறைந்த அட்சரேகைக்கான வேறு மாடல் தருவாராம். ஆக, அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும்.

வாங்குகிறவர்கள் தாங்கியின் அட்சரேகை அளவுகோலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "13 டிகிரிக்கு இறங்கும்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கண்ணால் பார்க்க மட்டும் என்றால் துருவ அச்சே வேண்டாம். இடவலமாகவும் மேல்கீழாகவும் திரும்பும் கவைத் தாங்கி போதும். தேதி, நேரம், ஊர் கொடுத்து இரண்டு நட்சத்திரங்களைக் காட்டிவிட்டால் மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். நீண்ட நேரப் படத்துக்குத்தான் அது உதவாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லையும் வாட்ஸாப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். என் மனுவோடு அவற்றைத்தான் இணைத்திருக்கிறேன்.