தென்னைக்கு ஊசி போடுகிறோம் என்று வந்தால் கேட்டைத் திறக்காதீர்கள்

நாங்கள் இருப்பது கோவையில், வடவள்ளிப் பக்கம். வீட்டைச் சுற்றி நான்கு தென்னை நின்றது. மூன்று நெட்டை, ஒன்று செவ்விளநீர். வீடு குடிபுகுந்த வருடம் மாமனார் தானே குழி எடுத்து வைத்த மரங்கள், 14 வயது. இப்போது மூன்றுதான் இருக்கின்றன. நான்காவது மரம் போனது பூச்சியால்தான். ஆனால் அந்தப் பூச்சிக்குக் கதவைத் திறந்துவிட்டது நான் காசு கொடுத்துக் கூப்பிட்ட ஆட்கள்.

போன வருடம் பிப்ரவரியில் கீழ்மட்டைகள் எல்லாம் கரி பூசியதுபோல் கறுத்துவிட்டன. மரத்தடியில் நிறுத்திய கார் மேல் பிசுபிசுவென்று ஒட்டியது. கை வைத்தால் சர்க்கரைப் பாகு மாதிரி. மாமியார் காயப்போட்ட வற்றலில்கூட அந்தக் கறுப்பு. எங்கள் வீதியில் தென்னை இருக்கிற எல்லா வீட்டிலும் இதே கதைதான் என்பதை நான் அப்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பச்சை டீசர்ட், கழுத்தில் லேமினேட் செய்த அட்டை, முதுகில் பை. கம்பெனிப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதியும் பயனில்லை, அடுத்த முறை வேறு டீசர்ட் போட்டுக்கொண்டு வருவார்கள்.

"அக்கா, மரத்தப் பாத்தீங்களா? கேன்சர் மாதிரிங்க இது. ரெண்டு மாசத்துல கொண்டை சாஞ்சிரும்" என்றான் மூத்தவன். வீட்டுப் பக்கம் சாய்ந்தால் ஓடு போய்விடும் என்று கூரையையும் கை காட்டினான். மருந்து எது என்று கேட்டேன். "யுனிவர்சிட்டி மருந்துங்க, ஆர்கானிக். நாளைக்கே எளநீர் வெட்டிக் குடிக்கலாம்."

அந்த யுனிவர்சிட்டி, அதாவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். லாலி ரோடு வழியாகத்தான் டவுனுக்கே போகிறோம். அங்கே இருக்கிற பூச்சி அருங்காட்சியகத்துக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போய் வண்டு வண்டாகக் காட்டியிருக்கிறேன். இருந்தும் ஒரு எட்டு போய்க் கேட்கத் தோன்றவில்லை.

ஊசிக்கு மரத்துக்கு 850 ரூபாய், கொண்டை சுத்தம் செய்ய 300. நான்கு மரத்துக்கு 4,600 ஆனது. பேரம் பேசி 4,500 கொடுத்தேன். ஸ்கேனர் ரிப்பேர் என்று சொல்லிப் பணமாகவே வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பார்த்துத்தான் நீங்கள் கண்டுபிடிக்க முடியும். சின்னவன் மேலே ஏறி, காய்ந்த மட்டையோடு பச்சை மட்டையையும் தண்டை ஒட்ட ஒட்ட வெட்டினான். பெரியவன் பேட்டரி டிரில்லால் நெஞ்சு உயரத்தில் மரத்துக்கு மூன்று ஓட்டை போட்டான். டிரில் முனையில் ஈரமான வெள்ளைத் தூள் சுருண்டு சுருண்டு வந்தது. பையிலிருந்து லேபிள் இல்லாத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, பெரிய சிரிஞ்சில் உறிஞ்சி உள்ளே அடித்தான். மேலே விரலால் சிமெண்ட் அப்பினான். நான்கு மரமும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

மாமனார் திண்ணையில் உட்கார்ந்தபடி, "டேய், பச்சை மட்டையை எதுக்குடா வெட்டறீங்க?" என்று சத்தம் போட்டார். "காத்தோட்டம் வேணுமுங்க தாத்தா" என்று பதில் வந்தது. அவங்களுக்குத் தெரியும் விடுங்க மாமா என்று அவரை அடக்கியது நான்தான். போகும்போது ஒரு பச்சை அட்டை கொடுத்தார்கள். இரண்டு வருட உத்தரவாதம், கையெழுத்து, செல்போன் எண். முகவரி இல்லை, பில் இல்லை, மருந்தின் பெயரும் இல்லை.

மே மாதம் நல்ல மழை பெய்தது. மட்டைகள் கழுவிவிட்டதுபோல் பச்சையாகிவிட்டன. ஊசி போட்ட பெரியவனே போன் செய்தான். "பாத்தீங்களாக்கா, எப்படித் தெளிஞ்சிருச்சு!" எனக்கு ஒரே சந்தோஷம். தெரிந்த இரண்டு வீட்டுக்கு வேறு அவனுடைய எண்ணைக் கொடுத்தேன். எதிர்வீட்டு மரங்களுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை, அவையும் அதே மழையில் அதே பச்சையாக நின்றன. அது கண்ணில் படவில்லை.

ஜூன் நடுவில் எங்களுக்கு வழக்கமாகக் காய் போடுகிற அண்ணன் வந்தார். சமையலறைக்குப் பின்னால் இருக்கிற மரத்தில் ஏறக் காலை வைத்தவர் இறங்கிவிட்டார். "ஏன் அம்மிணி, மரத்துல ஆரு ஓட்டை போட்டது?"

சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் சிமெண்டை அரிவாள் நுனியால் தட்டினார். சில்லாக விழுந்தது. ஓட்டையிலிருந்து பழைய எண்ணெய் நிறத்தில் ஒரு நீர் வடிந்து தண்டில் கோடு போட்டுக் காய்ந்திருந்தது. வாயில் மென்று துப்பிய கரும்புச் சக்கை மாதிரி நார். அவர் காதைத் தண்டில் வைத்துக் கேட்டுவிட்டு என்னையும் கேட்கச் சொன்னார். வைத்தேன். உள்ளே யாரோ அப்பளம் நொறுக்குகிற மாதிரி மெல்லிய சத்தம், விட்டு விட்டு.

"செவப்புக் கூன்வண்டு. நடுக்குருத்தைப் பாரு, வாடிருச்சு. இது நிக்காது." முன்வாசல் மரத்திலும் ஒரு ஓட்டையில் லேசாக நீர் கசிந்தது. மற்ற இரண்டும் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தன.

பச்சை அட்டையில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். முதலில், உங்கள் மரத்தில் முன்னாலேயே வண்டு இருந்திருக்கும் என்றான். பிறகு, இரண்டாவது டோஸ் போட்டால் சரியாகும், மரத்துக்கு 1,200 ஆகும் என்றான். உத்தரவாதம் என்னாச்சு என்று கேட்ட பிறகு அந்த எண் அணைந்துவிட்டது. நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தபோது பில் இருக்கிறதா, நிறுவனத்தின் முகவரி என்ன என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு பச்சை அட்டை. போலீஸ் ஸ்டேஷனில் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கறுத்த மட்டையின் பழைய படம், சக்கை நார், ஓட்டையின் படம் எல்லாவற்றையும் காட்டினேன். அங்கே இருந்தவர் பொறுமையாக விளக்கினார். பணம் எதுவும் வாங்கவில்லை.

மட்டை கறுத்தது வெள்ளை ஈயால். சுருள் வடிவில் முட்டையிடுகிற இந்த ஈ இந்தியாவில் முதலில் 2016இல் பொள்ளாச்சிப் பக்கம்தான் கண்ணில் பட்டது. மட்டையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சி, இனிப்பாக ஒரு கழிவை விடும். காரில் ஒட்டியது அதுதான். அந்த இனிப்பின் மேல் கரும்பூசணம் படரும். பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, இதனால் மரம் சாகாது. வெயில் காலத்தில் ஏறும், நல்ல மழை வந்தால் இறங்கும். மருந்து அடிக்கவே வேண்டாம் என்றார். என்கார்சியா என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றைக் கொல்கிறது. விஷம் தெளித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். நாம் செய்ய வேண்டியது, மட்டையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளைக் கட்டுவது. கறுப்புப் போகவேண்டும் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா கரைத்துக் காய்ச்சி ஆறவைத்துத் தெளிப்பது. காய்ந்ததும் பூசணம் ஏடு ஏடாக உரிந்து விழும். நான் 4,500 கொடுத்த கேன்சருக்கு மருந்து அரைக் கிலோ மைதா.

கூன்வண்டின் கதை வேறு. அது தென்னையில் காயத்தைத் தேடி வருகிற வண்டு. வெட்டுப்பட்ட இடத்தில் கசிகிற சாறு புளித்த வாசம் அதை இழுக்கும். அந்த மெத்தென்ற இடத்தில் முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து வண்டாக மூன்று நான்கு மாதம் ஆகும். பிப்ரவரியில் டிரில், ஜூனில் சக்கை நார். கணக்கு அப்படியே பொருந்தியது. 5 முதல் 20 வயதுக்குள் இருக்கிற மரங்கள்தான் அதற்கு மிகவும் பிடிக்குமாம்.

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் உறைத்தது இன்னொன்று. மாமரத்திலோ வேம்பிலோ காயம் பட்டால் பட்டை வளர்ந்து மூடிக்கொள்ளும். தென்னைக்கு அந்த வசதி கிடையாது. ஒரு ஓட்டை போட்டால் அது மரம் இருக்கும்வரை ஓட்டைதான். அதனால்தான் ஏறுவதற்குப் படி வெட்டக்கூடாது, பச்சை மட்டையை வெட்டியே ஆகவேண்டும் என்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்ட வேண்டும் என்கிறார்கள். மாமனார் திண்ணையிலிருந்து கத்தியது இதைத்தான்.

"என்ன மருந்து போட்டார்கள்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "அதற்குப் பிறகு இளநீர் குடித்தீர்களா?" அங்கேதான் எனக்குக் கை நடுங்கியது. ஊசி போட்ட எட்டாம் நாள் செவ்விளநீர் வெட்டிப் பையன் இரண்டு காய் குடித்தான். ஊசி போட்டவன்தான் நாளைக்கே குடிக்கலாம் என்று சொல்லியிருந்தானே.

தென்னையில் மருந்து கொடுப்பதே பொய் இல்லை. பென்சில் பருமனுள்ள உயிர் வேர் ஒன்றைத் தேடிச் சாய்வாகச் சீவி, மருந்துப் பையில் விட்டுக் கட்டுவார்கள். பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக்கும் அப்படித்தான், மரத்துக்கு 200 மில்லி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதில் தண்டில் ஓட்டை போடுகிற வேலையே இல்லை. முன்பு மோனோகுரோட்டோபாஸ் என்ற கடுமையான பூச்சிமருந்தை வேரில் கட்டுவார்கள். கட்டுவதற்கு முன்னாலேயே காய் பறித்துவிட வேண்டும், அதன்பின் 45 நாள் காயைத் தொடக்கூடாது என்பது அப்போதே விதி. காய்கறிக்கு அதை அடிக்க 2005லேயே தடை போட்டார்கள். 2013இல் பீகாரில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தது இந்த மருந்து கலந்ததால்தான். எங்கள் மரத்தில் ஏறியது அதுவா, வேறு ஏதாவதா, வெறும் தண்ணீரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு அவன் தூங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலையில் பின்பக்க மரத்தை இறக்கினோம். வீட்டை ஒட்டி இருந்ததால் கயிறு கட்டித் துண்டு துண்டாக வெட்ட வேண்டியிருந்தது. கூலி மட்டும் 3,500. ஓட்டை இருந்த துண்டைப் பிளந்தபோது கள்ளுக்கடை வாடை அடித்தது. உள்ளே ஊறிப்போன தேங்காய் நார் மாதிரி கூழ். அதற்குள் கட்டைவிரல் பருமனில் காலில்லாத வெள்ளைப் புழுக்கள், தலை மட்டும் பழுப்பு. நாரைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய கூடுகள் வேறு. ஒன்றைப் பிரித்தால் துருப்பிடித்த நிறத்தில் நீண்ட மூக்கோடு வண்டு, வெளியே வரத் தயாராக. மாமனார் வந்து பார்க்கவில்லை. அந்தத் துண்டுகளை விறகுக்கு எடுத்து வைக்காமல் எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மரத்துக்குப் போகும். காய் போடுகிற அண்ணன் தன் காட்டுக்கு வண்டியில் ஏற்றிப்போய் எரித்தார்.

முன்வாசல் மரம் பிழைத்தது. மேல் ஓட்டையைத் தவிர மற்றதைக் களிமண்ணால் அடைத்து, இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி கலந்து புனல் வைத்து மேல் ஓட்டையில் மெதுவாக ஊற்றி, அதையும் மூடினோம். மருந்தை உரிமம் உள்ள கடையில் பில்லோடு வாங்கினேன். எழுதிக் கொடுத்த சீட்டு பல்கலைக்கழகத்துடையது. குலையை எல்லாம் முன்னாலேயே இறக்கிவிட்டோம். ஒரு வாரம் கழித்துக் காதை வைத்தால் சத்தம் இல்லை. மற்ற இரண்டு மரத்தின் ஓட்டைகளையும் சிமெண்டைத் தட்டி எடுத்து, போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசணக்கொல்லி) பூசிக் களிமண் அடைத்தோம்.

இப்படி யாராவது உங்கள் கேட்டில் நின்றால், மருந்தை அதன் சொந்த டப்பாவில் காட்டச் சொல்லுங்கள். பூச்சிமருந்து டப்பா என்றால் முனையில் நிற்கிற மாதிரி ஒரு சதுரம் இருக்கும், அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கடும் விஷம், அதற்கடுத்து மஞ்சள், நீலம், பச்சை. தண்ணீர் பாட்டிலில் வைத்திருப்பவன் என்ன பெயர் சொன்னாலும் மருந்து என்று நம்பாதீர்கள். பையில் டிரில் இருந்தால் பேச்சையே நிறுத்திவிடலாம். பூச்சிமருந்து அடிப்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும், அதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. சந்தேகம் என்றால் கிசான் கால் சென்டர் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். பொள்ளாச்சிப் பக்கத்தவர்களுக்கு ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மற்ற ஊர்களில் தோட்டக்கலைத் துறை அலுவலகம். ஒரு மட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு போனாலே போதும்.

நான் எண் கொடுத்த இரண்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். ஒருவர் நல்லவேளை அவனைக் கூப்பிடவே இல்லை. இன்னொருவர் துடியலூரில் இருக்கிற அக்கா. அவருடைய ஐந்து மரத்திலும் மும்மூன்று ஓட்டை, அதே சிமெண்ட். காய் போடுகிற அண்ணனைக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் தட்டி எடுத்து அடைத்தோம். ஒன்றில் மட்டும் லேசாக ஈரம் இருந்தது. அந்த அக்கா இப்போது தினமும் காலையில் காபியோடு போய் அந்த மரத்தில் காதை வைக்கிறார்.