ஒரு பந்து, மூன்று நொடி: மூச்சுப் பயிற்சிக் கருவி எப்படி?

மெடிக்கல் கடையில் ‘பந்து ஊதுற மிஷின்’ என்று கேட்டாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பெயரில்தான் முதல் சிக்கலே இருக்கிறது. நிமிர்த்தி வைத்த கருவியில் எவ்வளவு பலமாக ஊதினாலும் பந்து அசையாது. ‘இன்சென்டிவ் ஸ்பைரோமீட்டர்’ எனப்படும் இது, காற்றை உள்ளே இழுப்பதற்கான கருவி. ஜூஸை ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோல உறிஞ்ச வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து கையில் கொடுக்கப்பட்ட கருவியில் இரண்டு நாள் ஊதிப் பார்த்துவிட்டு, ‘நமக்கு மூச்சே இல்லை போல’ என்று ஒதுக்கி வைக்கும் நோயாளிகள் நிறைய.

பெட்டிக்குள் இருப்பது எளிய சாமான்தான். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் மூன்று அறைகள், அறைக்கு ஒரு பந்து, மடிப்பு மடிப்பாக வளையும் குழாய், அதன் முனையில் வாயில் வைக்கும் துண்டு. அறைகளின் மேல் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். உறிஞ்சும்போது வெளிக்காற்று அறைகளின் அடியிலிருந்து ஏறி, பந்துகளைத் தூக்கிக்கொண்டு, குழாய் வழியாக வாய்க்கு வருகிறது.

அந்த எண்களைப் பலரும் நுரையீரலுக்குள் போன காற்றின் அளவு என்று நினைக்கிறார்கள். அவை வேகம். நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் காற்று போகிறது என்பதுதான் கணக்கு. கருவியின் பலமும் பலவீனமும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கின்றன.

வெடுக்கென்று அரை நொடி இழுத்தால் மூன்று பந்தும் ‘டக்’கென்று உச்சியில் முட்டிவிட்டு விழும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் உள்ளே போனது நொடிக்கு 1200 வீதம் அரை நொடிக்கு, அதாவது சுமார் 600 மில்லி. சாதாரணமாக விடும் மூச்சே ஏறத்தாழ 500 மில்லி. மூக்கிலிருந்து கிளைக்குழாய்கள் வரை வழியிலேயே தங்கிவிடும் காற்று சுமார் 150 மில்லி. அதைக் கழித்தால் நுண்ணறைகளுக்கு, அதாவது நுரையீரலின் சின்னஞ்சிறு காற்றுப் பைகளுக்கு, போய்ச் சேர்ந்தது 450தான். இதற்கு இத்தனை பாடு தேவையில்லை. அதே ஆள் முதல் பந்தை மட்டும் மெதுவாகத் தூக்கி, மூன்று நொடி அப்படியே மிதக்கவிட்டால் 1800 மில்லி உள்ளே போகிறது. கழிவு போக 1650. ஒரு பந்தை நிறுத்தி வைத்தவர், மூன்று பந்தைத் துள்ளவிட்டவரைவிட மூன்று மடங்குக்கும் மேலாகக் காற்று வாங்கியிருக்கிறார். கருவியைச் சொல்லித் தருபவர்கள் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். பெரும்பாலும் ‘மூணு பந்தும் ஏறணும்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஏன் அவ்வளவு ஆழமான மூச்சு? நுரையீரலின் நுண்ணறை ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர் அகலம்தான், கோடிக்கணக்கில் இருக்கின்றன. உள்சுவரில் ஈரம் இருப்பதால் அது சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்கச் சுவரின் செல்களே வழவழப்பான ஒரு பொருளைச் சுரக்கின்றன. நுண்ணறை நன்றாக விரியும்போது அது கூடுதலாகச் சுரக்கும். நலமாக இருக்கும்போது மணிக்குச் சில தடவை நம்மையறியாமல் பெருமூச்சு விடுகிறோமே, அதன் வேலை இதுதான். வயிற்றிலோ மார்பிலோ வெட்டுக்காயம் இருந்தால் வலிக்குப் பயந்து மூச்சு மேலோட்டமாகிவிடும், பெருமூச்சும் நின்றுவிடும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானம் ஆழ்ந்த மூச்சில் பல சென்டிமீட்டர் கீழிறங்கக்கூடியது, அது இறங்க மறுக்கும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் நுரையீரலின் அடிப்பகுதிதான் முதலில் சுருங்குகிறது. சளி அங்கே தேங்கும், சிலருக்கு நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

காய்கறிக் கடையில் புதுப் பாலிதீன் கவரைப் பிரிக்கும்போது பார்த்திருப்பீர்கள். ஒட்டிய வாயைத் திறக்கத்தான் சிரமம், திறந்த பிறகு கவர் சுலபமாக விரியும். நுண்ணறையும் அப்படித்தான். ஒட்டியதைத் திறக்க, திறந்ததை வைத்திருப்பதைவிட அதிக அழுத்தம் வேண்டும், நேரமும் வேண்டும். சளி அடைத்த வழிகளில் காற்று மெதுவாகத்தான் நுழையும். மூச்சை மூன்று முதல் ஐந்து நொடி பிடித்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

செய்யும் முறை: கட்டிலில் படுத்தபடி வேண்டாம். நாற்காலியிலோ கட்டில் ஓரத்திலோ நிமிர்ந்து உட்கார்ந்து, கருவியைக் கண் மட்டத்தில் நேராகப் பிடிக்க வேண்டும். வயிற்றில் தையல் இருந்தால் ஒரு தலையணையை அதன்மேல் அணைத்துக்கொண்டால் வலி குறையும். முதலில் மூச்சை முழுதும் வெளியே விட்டு, உதடுகளை வாய்த்துண்டைச் சுற்றி இறுக மூடி, மெல்ல உறிஞ்சி, பந்தை நிறுத்தி, வாய்த்துண்டை எடுத்துவிட்டு மூச்சைப் பிடித்து, நிதானமாக வெளியே விடவும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்துத் தடவை என்பது வழக்கமான அளவு. ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவே சாதாரண மூச்சு இரண்டு மூன்று விட்டு ஓய்வெடுப்பது கட்டாயம். பத்தையும் தொடர்ந்து இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல்நுனி மரத்துப்போகும். முடித்ததும் இரண்டு தடவை நன்றாக இருமிச் சளியை வெளியேற்ற வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கருவியைச் சற்றுச் சாய்த்தால் பந்து எளிதாக ஏறிவிடும். அது கணக்கில் சேராது. மூக்கால் காற்று கசிந்தால் பந்து ஏறாது, அப்படிப்பட்டவர்கள் மூக்கை விரல்களால் பிடித்துக்கொள்ளலாம். தோள்பட்டை மேலே ஏறுகிறதா என்று பக்கத்தில் இருப்பவர் கவனிக்க வேண்டும். ஏறினால் கழுத்துத் தசைதான் இழுக்கிறது என்று அர்த்தம். வயிறு முன்னால் வர வேண்டும்.

இதற்கு மாற்று, பிஸ்டன் வைத்த அளவுக் கருவி. 2500 அல்லது 4000 மில்லி வரை கோடு போட்டிருக்கும், உள்ளே போன காற்றின் அளவையே நேராகக் காட்டும். வேகம் கூடினால் பக்கத்தில் இருக்கும் சிறு மிதவை காட்டிக்கொடுக்கும். பயிற்சிக்கு அதுதான் நேர்மையான கருவி என்பது எங்கள் கருத்து. ஆனால் விலை அதிகம், சிறு ஊர்க் கடைகளில் கேட்டவுடன் கிடைக்காது. சில நூறு ரூபாயில் முடிகிற மூன்று பந்துக் கருவியும், நொடியை எண்ணத் தெரிந்தவர் கையில், போதுமானது.

இதை மாயக் கருவியாக நினைக்க வேண்டாம். மேல்வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் நுரையீரல் சிக்கல்களை இது தடுக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2014ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு சொன்னது. எழுந்து நடப்பது, இருமுவது, வலி மருந்தை நேரத்துக்கு எடுப்பது ஆகியவற்றோடு சேர்த்துத்தான் இதற்கு இடம். ஆஸ்துமாவில் இறுகிய குழாய்களை இது தளர்த்தாது, அதற்கு இன்ஹேலர்தான். மார்புக்குள் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கியவர்களும் சளியில் ரத்தம் வருபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஏறும் பந்துகளை எண்ணி நுரையீரல் ஆரோக்கியத்தை அளப்பதும் தவறு. பெயர் ஒன்றுபோல இருந்தாலும், டாக்டர் எழுதித்தரும் ஸ்பைரோமெட்ரி என்பது பலமாக ஊதிப் பார்க்கும் வேறு பரிசோதனை.

வாங்கும்போது குழாயின் இரு முனைகளும் இறுக்கமாகப் பொருந்துகின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். பந்து ஏறவில்லை என்றால் மடிப்புக் குழாயில் விழுந்த மயிரிழை விரிசலும் காரணமாக இருக்கலாம். விரலால் வளைத்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும். வாய்த்துண்டைத் தினமும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தவும். கொதிநீரில் போட்டால் நெளிந்துவிடும். அறைக்குள் தண்ணீர் போனால் பந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம், ஒரே வீட்டுக்காரர் என்றாலும்.