சமையலறைக் கழிவை உரமாக்கும் மூன்றடுக்குத் தொட்டி

வீட்டுக் குப்பையில் கணிசமான பங்கு காய்கறித் தோல், பழத்தோல் போன்ற மட்கும் கழிவே என்பதால், அதை வீட்டிலேயே உரமாக்க உதவும் இந்தத் தொட்டியை மனமுவந்து பரிந்துரைக்கிறேன். இதன் சிறப்பு காற்றோட்டத்தில் இருக்கிறது: ஒவ்வோர் அடுக்கின் பக்கங்களிலும் அடித்தட்டிலும் துளைகள் இருப்பதால், கழிவு காற்றின்றி அழுகி மீத்தேனை வெளியிடாமல், ஆக்சிஜனைக் கொண்டு இயங்கும் நுண்ணுயிரிகளால் சீராக மட்குகிறது. ஆனால் தொட்டி மட்டும் போதாது. ஈரக் கழிவைப் போட்டதும் அதைவிடக் கூடுதலான அளவில் இலைச்சருகையோ கிழித்த அட்டையையோ மேலே பரப்ப வேண்டும். சருகும் அட்டையும் கரிமத்தையும் (கார்பன்), ஈரக் கழிவு நைட்ரஜனையும் தருகின்றன; கலவையில் கரிமம் நைட்ரஜனைப்போல 25 முதல் 30 மடங்கு இருந்தால்தான் நாற்றம் எழாது. கையில் எடுத்துப் பார்த்தால், பிழிந்த துணியின் ஈரம் இருக்க வேண்டுமே தவிர நீர் சொட்டக் கூடாது.

மூடி கச்சிதமாகப் பொருந்துகிறது. குறை என்று சொன்னால் வடிகுழாய்தான்: அதன் வாய் குறுகலாக இருப்பதால் துகள்கள் அடைத்துக்கொண்டு, அடியில் சாறு தேங்கி வாடை கிளம்புகிறது, குச்சியால் குத்தி அடைப்பை நீக்க வேண்டியிருக்கிறது. தயாரிப்பாளர்கள் இதை அவசியம் திருத்த வேண்டும். இறைச்சியையும் எண்ணெய்ப் பண்டங்களையும் இதில் போடாமல் இருந்தால், சில மாதங்களில் கீழடுக்கிலிருந்து கருமையான, உதிரியான, மண்வாசனை வீசும் உரத்தை அள்ளலாம்.