எப்போதாவது சேற்றில் இறங்கும் பிக்கப்: பின் டிஃபரன்ஷியலோடு என் அனுபவம்

என் பிக்கப் பெரும்பாலும் தார்ச்சாலையில்தான் ஓடுகிறது. நடுநடுவே மண் பாதை, ஈரப் புல்வெளி, ஆற்று மணல், சில சமயம் முழங்கால் ஆழத் தண்ணீர். இன்ஜினின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்புதான் பின் டிஃபரன்ஷியல். கம்பெனியிலிருந்து வரும்போதே பின் ஆக்சிலில் கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப் இருந்தது; ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழல்வதைத் தகடுகளின் உரசலால் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் அது. அதன் தகடுகள் தேய்ந்த பிறகு, சுவிட்ச் போட்டால் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் எலக்ட்ரிக் லாக்கர் போட்டேன். இரண்டையும் வருடக்கணக்கில் ஓட்டியாயிற்று. எப்போதாவது மட்டும் ரோட்டை விட்டு இறங்குபவர்களுக்கு என் சிபாரிசு லாக்கர்தான். அதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: இப்படிப்பட்ட வண்டியில் டிஃபரன்ஷியல் கெடுவது பெரும்பாலும் ஒரு பயணத்துக்கும் அடுத்ததற்கும் இடையில், யாரும் அதைத் திரும்பிப் பார்க்காத மாதங்களில்.

சாதாரண டிஃபரன்ஷியலில் என்ன குறை என்று முதலில் பார்த்துவிடுவோம். வழுக்கும் சக்கரத்துக்கே எல்லா சக்தியும் போய்விடுகிறது என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அது இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கிறது. சேற்றில் நிற்கும் சக்கரத்தைச் சுழற்ற 100 நியூட்டன் மீட்டர் போதும் என்றால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 100தான் கிடைக்கும். வண்டி நகர அது பத்தாது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சேற்றுச் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றுமே தவிர, வேறொன்றும் நடக்காது.

லிமிடெட் ஸ்லிப் இந்தக் குறையைப் பாதி தீர்க்கிறது. உள்ளே இருக்கும் தகடுகளை ஒரு ஸ்பிரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். இன்ஜின் இழுக்கும்போது பக்க கியர்கள் விலகித் தள்ளுவதால் அந்த அழுத்தம் கூடும். ஈரப் புல், சரளை, மழையில் நனைந்த ஏற்றம் ஆகிய இடங்களில் நான் எதையும் தொடாமலே அது வேலை செய்தது. இந்த விஷயத்தில் அதற்கு முழு மார்க் கொடுப்பேன். ஆனால் ஒரு பின்சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கினால், கையில் மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட அந்த ஸ்பிரிங்கின் பலம் மட்டுமே. பாரம் ஏற்றிய பிக்கப்பை வெளியே தள்ள அது போதவில்லை.

இன்னொரு சங்கடம், அது சத்தமில்லாமல் தேய்வது. தார்ச்சாலையின் ஒவ்வொரு வளைவிலும் தகடுகள் உரசுகின்றன. தேய்ந்துபோனால் எந்த விளக்கும் எரியாது. சேற்றில் இறங்கி மாட்டிக்கொள்ளும்போதுதான் விஷயம் தெரியவரும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். டார்க் ரெஞ்சால் அதைச் சுழற்றும்போது எத்தனையில் நழுவுகிறது என்று பார்த்து, வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். கையாலேயே சுலபமாகச் சுற்றினால் தகடுகளின் கதை முடிந்துவிட்டது.

தானாக வேலை செய்யும் வேறு வகைகளையும் கொஞ்சம் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) பிக்கப்களில் ஜி80 என்ற குறியீட்டோடு வரும் ஈட்டன் லாக்கரில், இரண்டு சக்கரங்களின் வேகமும் நிமிடத்துக்கு சுமார் 100 சுற்று வேறுபட்டதும் பூட்டு விழும். வண்டி மணிக்கு ஏறக்குறைய 32 கிலோமீட்டரைத் தாண்டினால் விழாது. அதாவது முதலில் ஒரு சக்கரம் சற்றுச் சுழன்றே ஆக வேண்டும். ‘டக்’ என்று விழும்போது பழக்கமில்லாதவர் பதறிவிடுவார். டார்சன் போன்ற கியர் வகையில் உரசும் தகடுகளே கிடையாது, தார்ச்சாலையில் அருமையாக இருக்கும். ஆனால் ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதுவும் கைவிட்டுவிடும். அப்போது பிரேக்கை லேசாக அழுத்தியபடி ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மறுபக்கம் கொஞ்சம் இழுக்கும்.

இனி என் லாக்கர். பூட்டியதும் இரண்டு சக்கரமும் ஒன்றாகத்தான் சுற்றும். ஒன்று தொங்கினாலும் தரையில் உள்ளது தள்ளும். குறுக்காக ஓடும் பள்ளங்களைக் கடப்பதில் இருக்கும் வித்தியாசத்தை முதல் தடவையிலேயே உணரலாம். முன்பு வேகமெடுத்து மோதி ஏற வேண்டிய இடத்தில், இப்போது ஐடிலிலேயே ஊர்ந்து ஏறுகிறேன். வண்டிக்கும் அடி படுவதில்லை, பாதையும் சிதைவதில்லை. ஆனால் மாட்டிக்கொண்டு சக்கரம் சுழலும்போது சுவிட்சைப் போடக் கூடாது. பள்ளத்துக்கு முன்பே நிறுத்திப் போட்டுவிட்டு, ஒரு சக்கர நீளம் மெதுவாக உருட்ட வேண்டும். என்னுடைய லாக்கரில் டாஷ்போர்டு விளக்கு மின்சாரம் போவதை மட்டுமே காட்டும். உள்ளே பல் கவ்வியதா என்பதை வண்டியின் நடையில்தான் கண்டுகொள்ள வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்பக்கம் நேராகத் தள்ளிக்கொண்டு போனால் கவ்வியாயிற்று. அணைத்த பிறகும் சில சமயம் விடாது. ஸ்டியரிங்கை நேராக்கி ஓரடி பின்னால் எடுத்தால் இறுக்கம் தளர்ந்து விடும்.

கெட்டித் தரையில் பூட்டியபடி வளைக்கவே வேண்டாம். இழுவை முழுவதும் ஒரே ஆக்சில் ஷாஃப்ட்டின் மேல் விழலாம். சரிவில் குறுக்காகப் போகும்போதும் கவனம் தேவை. பூட்டாத ஆக்சிலில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது தரையைப் பிடித்து நிற்கும். பூட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து வழுக்கி, வண்டியின் பின்பக்கம் சரிவில் கீழே இறங்கும்.

லாக்கரின் பலவீனம் வேறு மாதிரி. பயன்படுத்தாமல் விட்டால் அது உறங்கிப்போகும். ஆக்சில் பக்கத்தில் உள்ள ஒயர் கனெக்டரில் சேறும் ஈரமும் புகுந்து பச்சையாகப் பூத்துவிடும். அதனால் மாதம் ஒருமுறை ஏதாவது சரளைத் தரையில் லாக்கரைப் போட்டு, சில மீட்டர் நேராக ஓட்டி, அணைத்துவிடுகிறேன். கனெக்டருக்குள் ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் வைத்தது நல்ல பலன் தந்தது.

தண்ணீர் விஷயத்துக்குத்தான் நான் அதிகம் அக்கறை எடுத்துக்கொள்வேன். நெடுஞ்சாலையில் ஓடி ஆக்சில் நன்றாகச் சூடாகியிருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் ஆக்சிலின் கூடான ஹவுசிங்குக்குள் இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். காற்று போய்வரும் சின்னத் துளையான பிரீதர் வழியாகக் காற்று உள்ளே வர முடிந்தால் பிரச்சினை இல்லை. அது சேற்றில் அடைபட்டிருந்தாலோ தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலோ, பிரீதர் வழியாகவும் ஆயில் சீல் ஓரங்களிலும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆக்சிலின் மேலே இருந்த சின்ன மூடியைக் கழற்றி, ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி, டெயில் லேம்ப்புக்குப் பின்னால் உயரத்தில் முடித்து வைத்தேன். இந்த வண்டியில் செய்த வேலைகளிலேயே மலிவானதும் பயனுள்ளதும் இதுதான். தண்ணீரில் இறங்குவதற்கு முன் சில நிமிடம் நிறுத்தி ஆக்சிலை ஆறவிடுவதும் நல்லது.

ஆழமான தண்ணீரைக் கடந்து வந்த மறுநாள், ஆயில் ஊற்றும் துளையின் மூடியான ஃபில்லர் பிளக்கைத் திறந்து சுண்டுவிரலை விட்டு ஆயிலைத் தொட்டுப் பார்ப்பேன். தெளிவான தேன் நிறமோ கருமையோ இருந்தால் கவலையில்லை. பால் விட்ட டீ நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அன்றே மாற்றிவிட வேண்டும், அடுத்த சர்வீஸ் வரை தள்ளிப்போடக் கூடாது. வண்டி நிற்கும் நாட்களில்தான் அந்தத் தண்ணீர் பேரிங்கையும், இன்ஜின் சக்தியை ஆக்சிலுக்குத் திருப்பிவிடும் கிரவுன் பினியன் கியர்களின் பற்களையும் துருவேற்றுகிறது.

ஆயில் மாற்றும்போது முதலில் ஃபில்லர் பிளக்கைத் திறந்து பாருங்கள், அப்புறம் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைத் தொடுங்கள். ஃபில்லர் இறுகிப்போய்த் திறக்க முடியாவிட்டால், வடித்த ஆக்சிலில் ஆயில் ஊற்ற வழி இருக்காது. கிரவுன் பினியன் போன்ற ஹைப்பாய்ட் கியர்களின் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி உரசுவதால், கடும் அழுத்தத்தைத் தாங்கும் ஜிஎல்-5 தர கியர் ஆயில் அவசியம். ஆயிலின் அடர்த்தி 75டபிள்யூ-90ஆ, 75டபிள்யூ-140ஆ என்பதைக் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். கிளட்ச் வகைக்கு, தகடுகளின் உரசலை மிருதுவாக்க ஆயிலில் சேர்க்கும் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் தேவை; அது இல்லாவிட்டால் மெதுவாக வளைக்கும்போது பின்பக்கம் கடகடவென்று அதிரும். ஆயில் மாற்றிய பிறகு காலி இடத்தில் எட்டு வடிவில் சில சுற்று ஓட்டினால் தகடுகளுக்கிடையே ஆயில் ஏறி அதிர்வு அடங்கும். ஆனால் மேலே சொன்ன ஜி80க்கு அந்த மாடிஃபையர் சேர்க்கக் கூடாது. ‘எல்லாவற்றுக்கும் கொஞ்சம் ஊற்றலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிற மை போல ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் சில்லுகள் கிடைத்தால் ஹவுசிங்கைத் திறந்தே ஆக வேண்டும். சத்தத்தையும் கவனியுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஊளையிட்டு, விட்டதும் தொனி மாறினால் கிரவுன் பினியன் மேல் சந்தேகப்படலாம். இடம் வலமாக ஒடிக்கும்போது இரைச்சல் மாறினால் முதலில் வீல் பேரிங்கைப் பாருங்கள்.

டயரை விட்டுவிட முடியாது. மணலில் 35 பிஎஸ்ஐ-யிலிருந்து 20-க்குக் குறைத்தாலே, பல இடங்களில் லாக்கர் சுவிட்ச்சைத் தொடவே தேவைப்படாது. ரோட்டுக்கு ஏறியதும் காற்றடித்துவிட்டே வேகமெடுக்க வேண்டும். பின் டயர் இரண்டும் ஒரே அளவிலும் ஒரே தேய்மானத்திலும் இருக்கட்டும். ஒன்று புதிது, மற்றது வழுக்கை என்றால், நேர்ச்சாலையிலேயே லிமிடெட் ஸ்லிப் தகடுகள் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும். ஸ்டெப்னியும் அதே அளவில் இல்லையென்றால், பஞ்சர் கடை வரைக்கும் மட்டும் அதில் ஓட்டுங்கள்.